வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மருத்துவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் தொழில் செய்யத் தேற வேண்டிய வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வின் முடிவு ஆண்டுக்கு இரண்டு முறை வெளியாகிறது. வெளியாகும்போதெல்லாம் "ஐந்தில் நான்கு பேர் தோல்வி" என்கிற மாதிரித் தலைப்போடு செய்தி வருகிறது. மாணவர்களைக் குறை சொல்வோர் ஒரு பக்கம், வினாத்தாளைக் குறை சொல்வோர் மறுபக்கம் என்று இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிடுகிறோம். மருத்துவம் கற்பிப்பதும் தேர்வு நடத்துவதும் எங்கள் தொழில். இந்த எண்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வு 2002-ஆம் ஆண்டின் தகுதிச் சோதனை விதிகளின்படி நடக்கிறது. நடத்துவது தேசியத் தேர்வு வாரியம். ஒரே நாளில் கணினியில் 300 கொள்குறி வினாக்கள்: காலையில் 150, பிற்பகலில் 150, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. 150 எடுத்தால் தேர்ச்சி. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு கிடையாது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு வினாவுக்கு நான்கு விடைகள். ஒன்றுமே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 75 வரும். நூறு வினாவுக்கு உறுதியாக விடை தெரிந்து, மீதி 200-ஐயும் குருட்டாம்போக்கில் குறித்தால் அதில் 50 சரியாக அமையும், மொத்தம் 150. அதாவது பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு தெரிந்தவர் தேறுவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. 95 வினாவுக்கு மட்டும் விடை தெரிந்தவரை எடுத்துக்கொண்டால் ஒரு முறை எழுதும்போது அவர் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. அதே அறிவோடு ஐந்து முறை எழுதினால் ஏதாவது ஒரு முறை தேறிவிடும் வாய்ப்பு 80 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. இவ்வளவு தாராளமான தேர்வில்தான் 2025 ஜூன் பருவத்தில் எழுதிய 36,034 பேரில் 6,707 பேர் தேறினார்கள், அதாவது 18.61 விழுக்காடு. ஆகவே "வினாத்தாள் கடினம்" என்ற புகாரை அப்படியே ஏற்க முடியவில்லை. தேறியவர்கள் அனைவரையும் நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம் என்று சொல்லவும் முடியவில்லை.

வினாத்தாள் புகாரில் நியாயமே இல்லை என்பதல்ல. அதற்கு முந்தைய, 2024 டிசம்பர் தேர்வில் தேர்ச்சி 29.62 விழுக்காடு. ஆறு மாதத்தில் மாணவர்களின் தரம் பதினொரு புள்ளி இறங்கிவிடுமா? தேர்ச்சி மதிப்பெண் 150 என்று விதியில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். வினாத்தாள் கொஞ்சம் எளிதானால் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வருகிறார்கள், கொஞ்சம் கடினமானால் அதே அளவுக்கு வெளியே நிற்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவர்கள் பிரிட்டனில் பணியாற்ற எழுதும் பிளாப் தேர்வில் இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் குழு ஒன்று ஒவ்வொரு வினாவையும் எடுத்து, "குறைந்தபட்சத் தகுதி உள்ள ஒரு மருத்துவர் இதற்குச் சரியாக விடையளிக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று மதிப்பிடும். அந்த மதிப்பீடுகளைக் கூட்டி அந்தந்தத் தாளுக்கான தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறிப்பார்கள். தாள் கடினமானால் கோடு தாழும், எளிதானால் உயரும். நம் வாரியம் வினாத்தாளையும் வெளியிடுவதில்லை, விடைகளையும் வெளியிடுவதில்லை. அதனால் எந்தத் தாள் கடினம் என்று வெளியிலிருந்து யாரும் சரிபார்க்கவும் வழியில்லை.

தலைப்புச் செய்தியில் வரும் விழுக்காட்டுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. அது ஆட்களை எண்ணுவதில்லை, எழுதிய தடவைகளை எண்ணுகிறது. ஆறு முறை எழுதி ஆறாவது முறை தேறிய ஒருவர் ஐந்து தோல்வியாகவும் ஒரு தேர்ச்சியாகவும் கணக்கில் ஏறுகிறார். நன்றாகக் கற்பிக்கும் கல்லூரியின் மாணவர்கள் ஒரே முறையில் தேறிப் பட்டியலிலிருந்து போய்விடுகிறார்கள். மோசமான கல்லூரியின் மாணவர்கள் திரும்பத் திரும்ப வந்து எண்ணிக்கையைப் பெருக்குகிறார்கள். நாடு வாரியாகவும் கல்லூரி வாரியாகவும் வாரியம் முன்பு அட்டவணைகள் வெளியிட்டிருக்கிறது. அவையும் இந்தக் கணக்கில்தான் இருந்தன. பெற்றோருக்கு உண்மையில் உதவக்கூடிய எண் வேறு: இந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு சேர்ந்தவர்களில், முதல் முறை எழுதியபோதே தேறியவர் எத்தனை பேர்? வாரியத்திடம் ஒவ்வொருவரின் பதிவும் இருக்கிறது. இந்த எண்ணை எடுப்பது அவர்களுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதற்கு மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். 300-இல் நூறு மதிப்பெண் நோயாளியைத் தொடுவதற்கு முன் படிக்கும் பாடங்களுக்கு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஒவ்வொன்றுக்கும் 17. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஒவ்வொன்றுக்கும் 13. தடயவியல் மருத்துவத்துக்கு 10. முதலாண்டில் படித்த உடற்கூறியலை ஆறு ஆண்டு கழித்து எழுத வேண்டும். நடுவில் திரும்பப் படிக்க வைக்கும் பழக்கம் பல கல்லூரிகளில் இல்லை. மீதி 200-இல் சமுதாய மருத்துவத்துக்கு மட்டும் 30. அதில் வருபவை நம் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், தொழுநோய், மலேரியா, குடிநீர்க் குளோரின் அளவு, நம்முடைய ஆரம்ப சுகாதார நிலைய அமைப்பு. ரஷ்யாவிலோ ஜார்ஜியாவிலோ படித்தவர் அந்நாட்டின் பொது சுகாதாரத்தைப் படித்திருப்பார். தடயவியலிலும் அதே கதை. காயச் சான்றிதழ், சாணிப்பவுடர், பூச்சிமருந்து நஞ்சு, பாம்புக்கடி எல்லாம் நம் மண்ணின் பாடங்கள். 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் சட்டப் பிரிவு எண்களும் மாறிவிட்டன. இந்த இரண்டு பாடத்தின் 40 மதிப்பெண்ணை எந்த வெளிநாட்டுக் கல்லூரியும் சொல்லித் தராது; தானே படித்தாக வேண்டும். 140-இல் நின்றுவிடுபவர்கள் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். கோச்சிங் மையங்கள் பிழைப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

இது சரிசெய்யக்கூடிய குறை. நாங்கள் கவலைப்படுவது சரிசெய்ய முடியாத இன்னொரு குறையைப் பற்றி. நோயாளி ரஷ்ய மொழியிலோ பிலிப்பைன்ஸின் தகலோக்கிலோ சீனத்திலோ பேசுகிறார். மாணவருக்கு அந்த மொழி சரளமாக வருவதில்லை. வார்டில் அவர் குழுவின் பின்வரிசையில் நின்று பார்க்கிறார். நோய் வரலாறு கேட்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, சிரை ஊசி ஏற்றுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் உள்ளூர் மாணவர் கைக்குப் போகின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் இறுதியாண்டு மாணவர் பார்க்கும் கூட்டத்தில் கால்பங்கைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார். இதைக் கணினித் திரையில் வரும் கொள்குறி வினா கண்டுபிடிக்காது. ஓட்டுநர் உரிமம் வாங்கவே ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. மருத்துவர் உரிமத்துக்கு எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் படித்த கல்லூரியையாவது யாராவது சரிபார்க்கிறார்களா? இங்கேதான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) எந்த வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றே அதனிடம் இல்லை. "என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அது பொய். உலக சுகாதார நிறுவனமும் மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிப்பதில்லை; அது முன்பு வைத்திருந்தது வெறும் முகவரிப் பட்டியல், அதையும் எப்போதோ கைவிட்டுவிட்டது. இப்போது இருக்கும் உலக மருத்துவக் கல்லூரிகள் விவரத் தொகுப்பும் அப்படித்தான். ஒரு கல்லூரி அந்தந்த நாட்டில் இயங்குகிறது என்பதற்கு அது சான்று. தரத்துக்குச் சான்று இல்லை என்பதை அந்தத் தொகுப்பை நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

பிரான்ஸ் நாட்டின் ஃபெர்னே வோல்த்தேரில் இருக்கும் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் பெயரும் விளம்பரங்களில் அடிபடுகிறது. அது கல்லூரிகளுக்குச் சான்று தருவதே இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் கல்லூரிகளைச் சரிபார்க்கும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து, அந்த அமைப்புக்கு ஏற்பு தருகிறது. நம் ஆணையத்துக்கு 2023 செப்டம்பரில் பத்தாண்டுக்கு அந்த ஏற்பு கிடைத்தது. இந்த ஏற்பாடு வேகம் பிடிக்கக் காரணம் அமெரிக்கா. வெளிநாட்டில் படித்தவர்களின் சான்றுகளை அங்கே சரிபார்க்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. நிறுவனம் 2010-இல் ஒரு நிபந்தனை போட்டது: 2023 முதல், முறையான ஏற்பு பெற்ற அமைப்பு சரிபார்த்த கல்லூரியில் படித்தவர்களை மட்டுமே ஏற்போம். பெருந்தொற்றால் அது 2024-க்குத் தள்ளிப்போனது. கடைசியில் நிபந்தனையைத் தளர்த்தி, கல்லூரிக்கு அப்படிப்பட்ட சரிபார்ப்பு உண்டா இல்லையா என்பதை விண்ணப்பதாரரின் நிலை அறிக்கையில் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். பதினான்கு ஆண்டு தயாரித்த கதவைப் பாதிதான் மூடினார்கள் என்றாலும், உலகம் முழுக்க நாடுகள் தங்கள் ஆய்வு அமைப்புகளை ஒழுங்குபடுத்த அது உதவியது.

சரிபார்ப்பு என்றால் என்ன பார்க்க வேண்டும்? அமெரிக்கக் கல்லூரிகளை 1942 முதல் சரிபார்த்துவரும் எல்.சி.எம்.இ. அமைப்பு எட்டாண்டுக்கு ஒரு முறை முழு ஆய்வு செய்கிறது. மாணவர் படிப்பு முடிப்பதற்குள் என்னென்ன வகை நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும், எந்தெந்தச் செயல்முறையை எந்த அளவுப் பொறுப்போடு செய்திருக்க வேண்டும் என்று கல்லூரி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் அதைச் செய்தாரா என்று பதிவேட்டில் கண்காணிக்க வேண்டும். செய்யாதவருக்கு அந்தக் குறையை நிரப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். நம் ஊர் ஆய்வுகள் நெடுங்காலம் படுக்கை, ஆசிரியர் தலை, சதுர அடி என்று எண்ணிக்கொண்டிருந்தன. அதனால்தான் ஆய்வு நாளன்று மட்டும் ஆசிரியர்களும் நோயாளிகளும் முளைத்தார்கள். 2025 நடுவில் சி.பி.ஐ. பதிவு செய்த வழக்கில் ஆய்வுத் தேதியும் ரகசியக் கோப்புகளும் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்ததாக அதிகாரிகள் மீதும் ஆய்வாளர்கள் மீதும் குற்றச்சாட்டு. வெளிநாட்டுக் கல்லூரிகளைக் குறை சொல்லும்போது நம் வீட்டுக் கணக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

வெளிநாட்டுக் கல்லூரிக்குள் போய் ஆய்வு செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அது மாணவர் மீது நிபந்தனை போடுகிறது. 2021 நவம்பர் 18-இல் வந்த விதிகள் அதற்குப் பிறகு சேர்ந்த எல்லோருக்கும் பொருந்தும். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியை அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலம். படிப்பும் பயிற்சியும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நிறுவனத்தில், பத்தாண்டுக்குள். பட்டம் தரும் நாட்டில், அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையாக மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தகுதி இருக்க வேண்டும். இவை எல்லாம் முடிந்து இந்தியா வந்தபின் இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. ஏட்டில் படிக்க நன்றாகவே இருக்கிறது. நாடு நாடாகப் பொருத்திப் பார்த்தால் இடிக்கிறது.

தமிழ்நாட்டு மாணவர்கள் ஏராளமாகப் போகும் பிலிப்பைன்ஸில் எம்.டி. படிப்பு நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம். அதற்கு முன் படிக்கும் பி.எஸ். என்பது மருத்துவப் படிப்பு அல்ல, அதைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. போதாக்குறைக்கு அந்நாட்டின் 1959-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் வெளிநாட்டவரின் உரிமத்தைப் பரஸ்பர ஏற்பாட்டோடு கட்டிப்போட்டிருந்தது. ரஷ்யாவில் ஆறாண்டுப் படிப்பு உண்டு. தனியாக ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலம் இப்போது அங்கே இல்லை. பட்டம் பெற்றவர் ரஷ்ய மொழியில் தேர்வெழுதி, செய்முறை காட்டித்தான் பணியில் சேர முடியும். நம் மாணவர் அந்தத் தேர்வை எழுதுவாரா? எழுதாவிட்டால் "அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையான உரிமம்" என்ற வரி எப்படி நிறைவேறும்? சீனாவிலும் உரிமத் தேர்வு சீன மொழியில்தான். 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் வெளியிட்ட அறிவுரையில் ஒரு கணக்கு இருந்தது: 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்து நம் தேர்வை எழுதியவர்கள் 40,417, தேறியவர்கள் 6,387. அந்த அறிவுரையை நீட் முடிவு வரும் வாரத்தில் எல்லாப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம்.

இடையில் கல்லூரி மாறுவது தனி ஆபத்து. பணம் கட்ட முடியாமலோ, போர் வந்ததாலோ, ஏஜென்ட் பேச்சைக் கேட்டோ மூன்றாம் ஆண்டில் வேறு நாட்டுக்கு மாறியவருக்கு "ஒரே நிறுவனம்" என்ற நிபந்தனை உடைந்துவிடும். உக்ரைனிலிருந்து திரும்பியவர்களுக்கு 2022 செப்டம்பரில் ஆணையம் கொடுத்த மாற்று ஏற்பாட்டில், வேறு நாட்டில் படித்தாலும் பட்டத்தை மூல உக்ரைன் பல்கலைக்கழகமே தர வேண்டும் என்று வைத்தார்கள். அது ஒருமுறைச் சலுகை. அதைக் காட்டி இன்றைக்கும் ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெருந்தொற்றில் வார்டுக்கே போகாமல் சீனப் பட்டம் வாங்கியவர்கள் விவகாரம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்லூரியில் செய்முறைப் பயிற்சி பெறாத ஒருவரை அப்படியே பதிவுசெய்யச் சொல்ல முடியாது, ஆனால் அவர்களின் படிப்பும் வீணாகக் கூடாது, ஆணையம் ஒரு திட்டம் வகுக்கட்டும் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதன்பிறகு அவர்களுக்கு வந்ததுதான் இரண்டாண்டுப் பயிற்சி. செய்முறை அனுபவத்தை இணையவழியில் தர முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகும், அந்த அனுபவம் கையில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு தேர்வு வைக்க நமக்குத் தோன்றவில்லை.

"அதற்குத்தான் இங்கே 12 மாதப் பயிற்சி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. தேறியவர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்று, இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கல்லூரி தன் மொத்த இடங்களில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டுப் பட்டதாரிகளை எடுக்கக் கூடாது. 150 இடக் கல்லூரியில் 11 பேர், 250 இடமுள்ள சென்னை, மதுரை கல்லூரிகளில் 18 பேர். ஒரே தேர்வில் பத்தாயிரத்துக்கு மேல் தேறும் ஆண்டுகளில் வரிசை நீள்கிறது. அதைவிட முக்கியமான குறை, பயிற்சியின் முடிவில் யாரும் தோற்பதில்லை. துறைக்குத் துறை கையெழுத்து வாங்கினால் நிரந்தரப் பதிவு. மறுநாளே அவர் எந்த ஊரிலும் தனியாகப் பலகை மாட்டலாம்.

எனவே எங்கள் கோரிக்கை இது. கணினித் தேர்வில் தேறியவர்களுக்கு, தற்காலிகப் பதிவுக்கு முன்பாக, ஆஸ்கி முறையில், அதாவது நிலையம் நிலையமாகப் போய்ச் செய்து காட்டும் முறையில், ஒரு செய்முறைத் தேர்வு வையுங்கள். பிளாப் இரண்டாம் பகுதியில் மான்செஸ்டரில் நடப்பது இதுதான்: 16 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், அடுத்த நிலையத்துக்குப் போகும் முன் ஒன்றரை நிமிடம் அறிவுறுத்தலைப் படிக்க. ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நம் நிலையங்களில் நம் நோய்களை வைக்கலாம். பாம்பு கடித்து வந்தவரிடம் 2 மில்லி ரத்தம் எடுத்து உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறதா, உறையாவிட்டால் நஞ்சுமுறி மருந்தின் முதல் தவணை பத்துக் குப்பியை எப்படிக் கலந்து எவ்வளவு நேரத்தில் ஏற்றுவார்? பத்துக் கிலோ குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, நீரிழப்பு உண்டு ஆனால் அபாய நிலை இல்லை. கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில் 750 மில்லி உப்பு சர்க்கரைக் கரைசல் என்பதைத் தாய்க்குப் புரியும்படி சொல்கிறாரா? நாய்க்கடியைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்கிறாரா, ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை என்று சொல்கிறாரா? பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை, செவிலியர் ஓடிவருகிறார். முதல் இரண்டு நிமிடத்தில் கை எங்கே போகிறது? பொம்மைக் கையில் சிரை ஊசி, மூச்சு விடாத பச்சிளம் குழந்தைப் பொம்மைக்கு பேக்-மாஸ்க், நெஞ்சுவலிக்காரரின் இ.சி.ஜி., பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின், ஒரு காயச் சான்றிதழ். பார்த்துப் பழகியவருக்கு இவற்றில் ஒன்றும் கடினமில்லை. படித்து மட்டும் வந்தவர் முதல் மூன்று நிலையங்களிலேயே தெரிந்துவிடுவார்.

நடத்த முடியுமா என்ற கேள்விக்கும் கணக்கே பதில். கணினித் தேர்வில் தேறுபவர்கள் மட்டும் வந்தால் போதும். பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மையத்தில் 16 நிலையங்கள் கொண்ட இரண்டு தொடர்கள் பக்கத்துப் பக்கத்தில், காலை ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று என்றால் நாளுக்கு 64 பேர். இருபது மையங்கள் வைத்தால் எட்டு நாளில் முடிந்துவிடும். ஒரு மையத்துக்கு 32 தேர்வாளர்கள். நாட்டில் எழுநூறுக்கு மேல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தேர்வாளர் யாரும் தனக்குத் தெரிந்த மாணவரைப் பார்க்காதபடி வெளி மாநிலத்திலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒளிப்பதிவு இருக்க வேண்டும். மதிப்பெண் தாளோடு, மாணவரைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் தேர்வாளர் குறிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் நிலையத்துக்கு நிலையம் தேர்ச்சிக் கோட்டைப் போட முடியும். "அமெரிக்காவே 2021 ஜனவரியில் தன் செய்முறைத் தேர்வைக் கைவிட்டுவிட்டதே" என்று சிலர் கேட்கக்கூடும். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் அங்கே ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியை மேற்பார்வையில் இரண்டு மூன்று ஆண்டு செய்யாமல் பெரும்பாலும் தனியாகத் தொழில் தொடங்க முடியாது. நம் நிலைமை அதுவல்ல.

உள்நாட்டு, வெளிநாட்டு மாணவர் எல்லோருக்கும் பொதுவான நெக்ஸ்ட் தேர்வு வந்தால் இது எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி, 2023 ஜூனில் விதிகளும் வந்தன: முதல் கட்டம் 540 வினாக்கள், இரண்டாம் கட்டம் செய்முறை. அடுத்த மாதமே ஒத்திவைத்துவிட்டார்கள். அதை உள்நாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து வைப்பதைத் தமிழ்நாடு எதிர்க்கிறது. அந்த விவாதம் வேறு. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான செய்முறைத் தேர்வை அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. 2002 விதிகளில் ஒரு திருத்தம் போதும்.

ஏற்கெனவே பிள்ளைகளை அனுப்பிவிட்ட பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தபின் மாணவர் எந்தத் தேதியில் அந்நாட்டில் இருந்தார் என்பதைக் கடவுச்சீட்டு முத்திரைகளைக் கொண்டுதான் சரிபார்க்கிறார்கள். புதுப்பிக்கும்போது பழைய கடவுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் மதிப்பெண் பட்டியல், வருகைச் சான்று, வார்டு பணிப் பதிவேடு மூன்றையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறாண்டு கழித்து அந்தப் பல்கலைக்கழக அலுவலகம் கடிதத்துக்குப் பதில் போடாது. பட்டத்துக்கு அந்நாட்டில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கிவிட்டே விமானம் ஏற வேண்டும். 

கடைசியாக நாளிதழ்களுக்கு ஒரு வேண்டுகோள். மே, ஜூன் மாதங்களில் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு விளம்பரங்கள் முழுப்பக்கத்துக்கு வருகின்றன. 2025 மே மாதத்தில் ஆணையமே பெலிஸ், உஸ்பெகிஸ்தான் நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றைப் பெயர் குறிப்பிட்டு எச்சரிக்கும் நிலை வந்தது. விளம்பரத்தை ஏற்கும் முன் விளம்பரதாரரிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள். படிப்பு எத்தனை மாதம் என்று பல்கலைக்கழகம் தந்த பாடத்திட்டம் ஒன்று. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி உண்டு என்ற உறுதிக் கடிதம் ஒன்று. இந்தியக் குடிமகன் அந்நாட்டில் உரிமம் பெறலாம் என்று அந்நாட்டு மருத்துவ கவுன்சில் எழுதித் தந்த கடிதம் ஒன்று. மூன்றாவது தாளைப் பெரும்பாலான ஏஜென்டுகளால் தர முடியாது. "ஆணையம் அங்கீகரித்தது" என்ற சொற்கள் இருந்தால் அந்த விளம்பரத்தை அச்சுக்கே அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் இருவர்,
மதுரை